விருந்தாளிக் குடம்

1

பொறாமை என்று வாய்விட்டுச் சொல்ல நம் பெண்கள் கூசுவார்கள். வருத்தம் என்பார்கள், மனத்தாங்கல் என்பார்கள். மேற்கு ஜெர்மனிக்கு வந்து பத்து வருடம் ஆனதில் எனக்கு அந்த நாசூக்கெல்லாம் போய்விட்டது. எனக்கு வந்தது பொறாமைதான். அசல் வயிற்றெரிச்சல். யார்மேல் என்று கேட்டால் ரெனாட்டே என்ற ஜெர்மன்காரிமேல். எதற்கு என்று கேட்டால், என் அண்ணி அவளோடு சிரித்தாள் என்பதற்கு.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். எங்கள் தெருமுனையில் இருக்கும் மாதா கோயில் கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு ரெனாட்டே ஸ்லைடு படம் காட்டினாள். நான், என் வீட்டுக்காரர், மகள் மீனா மூவரும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். இயந்திரம் 'டக்'கென்று ஒரு படத்தை மாற்றியது. சுவர் அகலத்துக்கு வள்ளி அண்ணி நின்றாள். ஆம்பூரை அடுத்த மாதனூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையற்கட்டில், கையில் எவர்சில்வர் டம்ளரோடு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு வருடம் கழித்துத்தான் நான் கல்யாணமாகிப் புறப்பட்டேன். அந்த இரண்டு வருடமும் ஒரே அடுப்பில் சமைத்தோம். அப்புறம் எண்பத்திரண்டில் மீனாவோடு மூன்று வாரம் ஊருக்குப் போய் அவள் கையால் சாப்பிட்டேன். என்னைப் பார்த்து அண்ணி சிரித்ததெல்லாம் உதட்டை மூடிக்கொண்டுதான். அவளுக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது அந்தச் சுவரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கூடத்தில் இருந்த அத்தனை வெள்ளைக்காரர்களுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

மீனா என் முழங்கையை இடித்தாள். "அது யாரும்மா?" என்றாள். அவளுக்கு அத்தையின் முகம் மறந்துவிட்டது.

2

ரெனாட்டே எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் மனிதச் சூழலியல் என்று ஒன்று படிக்கிறாள். அப்படியென்றால் என்ன என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் மாடிப்படியில் வைத்துக் கேட்டார். அவர் தோல் பதனிடும் ரசாயனம் செய்யும் கம்பெனியில் சோதனைக்கூடத்தில் வேலை செய்பவர். எதையும் அளந்து எண்ணில் சொன்னால்தான் அவருக்கு ஏறும்.

ரெனாட்டே சொன்னாள்: "ஒரு கிணற்றில் என்ன கலந்திருக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள். அது வயிற்றை என்ன செய்யும் என்று மருத்துவர் சொல்வார். அந்தக் கிணற்றால் ஒரு வீட்டில் யார் விடியுமுன் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, யாருக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, யார் யாரிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது, இதையெல்லாம் யார் சொல்வது? ஆறு, ஆலை, அடுப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதுதான் எங்கள் படிப்பு."

"இதுக்கு ஒரு படிப்பா?" என்று அவர் வீட்டுக்குள் வந்து தமிழில் சிரித்தார். எங்கள் ஊரில் இதை எல்லாப் பெண்களும் சம்பளமில்லாமல் செய்கிறார்களே என்று நானும் கூடச் சிரித்தேன்.

ஆனால் அவள் ஆம்பூர்ப் பக்கம் மூன்று மாதம் போய்த் தங்கப் போகிறேன் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஊரில் தோல் தொழில் செய்பவர்களுக்கு ஆம்பூர் என்றால் ஒரு விலாசம், அவ்வளவுதான். முதல்முறையாக ஒருத்தி அதை ஊர் என்று நினைத்துப் போகிறாள். எங்கள் வீட்டு விலாசம் கொடுத்தேன். வாரம் இரண்டு சாயங்காலம் என் சமையலறையில் உட்காரவைத்துத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். "நான் தங்கள் இல்லத்தில் தங்கலாமா?" என்று பாடப்புத்தகம்போல் பேசக் கற்றுக்கொண்டாள். அண்ணிக்கு ஒரு ஸ்வெட்டரும் வாசனை சோப்பும் அவளிடமே கொடுத்தனுப்பினேன். ஊருக்கும் நாலு வரி எழுதினேன்: பாவம், நல்ல பெண், பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்தவள் என் கதவைத் தட்டி முதலில் சொன்னது: "இன்னா சரோ, சாப்ட்டியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அப்படியே அண்ணியின் குரல். அந்த இழுப்பு, அந்த 'சரோ', எல்லாம் அதேதான். நான் என் மகளிடம் வேலூர்த் தமிழ் பேசினால் அவளுக்குப் புரிவதில்லை என்று வருடக்கணக்காக நிறுத்தி நிதானமாகப் பேசிப் பேசி, என் தமிழ் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிட்டது. இவள் மூன்று மாதத்தில் என் வீட்டுப் பேச்சை எடுத்துக்கொண்டு வந்து என் வாசலிலேயே நிற்கிறாள். அங்கே அவளுக்கு ரேணு என்று பெயராம். அண்ணி வைத்ததாம்.

இங்கே என் பெயர் என்ன தெரியுமா? நமக்கு இனிஷியல்தானே, குடும்பப் பெயர் ஏது? வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் அப்பா பெயரை எடுத்து எனக்குக் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் நம்பர் சீட்டை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். "திருமதி கோவிந்தசாமி" என்று கத்துவார்கள். செத்துப்போன அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன். ரெனாட்டேயோ நம் தாலுகா ஆபீசுக்குப் போனபோது நாற்காலி போட்டு, ஃபேனை அவள் பக்கம் திருப்பி, டீ வாங்கிக் கொடுத்தார்களாம். அதே ஆபீசில் என் அண்ணன் பட்டா நகலுக்கு நடையாய் நடந்தவர். இதையெல்லாம் அவள் சந்தோஷமாகச் சொல்லச் சொல்ல நான் காபியில் இரண்டு மடங்கு சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். குடிக்கட்டும் என்று.

3

மறுபடி அந்தக் கூடத்துக்கு வருகிறேன்.

அண்ணி படத்துக்குப் பிறகு ரெனாட்டே இரண்டு படங்களை அடுத்தடுத்துக் காட்டினாள். முதலில் இந்த ஊர் ஆறு, பழைய காலத்தில். கரையெல்லாம் தோல் பதனிடும் பட்டறை, தண்ணீர் முழுக்க நுரை. அடுத்தது அதே ஆறு இப்போது. அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிந்தது. மீனா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் போன வருடம் அந்த ஆற்றில் மீன்குஞ்சு விட்டார்கள். வீட்டுக்கு ஓடி வந்து, "அம்மா, நம்ம ஆத்துல மீன் வந்துடுச்சு" என்றாள். எந்த ஆறு என்று ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. ஜன்னலைக் காட்டினாள். பாலாறு அவளுக்கு அம்மா சொல்லும் ஏதோ ஒரு மணல்.

"அந்த நுரை எங்கே போயிற்று?" என்று ரெனாட்டே கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். அவள் அடுத்த படத்தைப் போட்டாள். ஆம்பூர்ப் பக்கத்தில் ஒரு ஓடை. நீலமும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் ஒரு நிறம், மேலே அதே நுரை. "நாம் அழுக்கைக் கழுவவில்லை, இடம் மாற்றினோம். இங்கே பட்டறைகள் மூடின, அங்கே திறந்தன" என்றாள்.

என் வீட்டுக்காரர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சோதித்து அனுப்பும் ரசாயன மூட்டைகளில் சில நேராக எங்கள் பக்கத்துக்குத்தான் போகின்றன. எங்கள் கையால் கட்டிய மூட்டை எங்கள் ஊருக்குப் போகிறது என்று இத்தனை நாளும் நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு மெதுவாகப் பதனிட்டார்கள். எழுபதுகளில் பாதி பதனிட்ட அரைத்தோலாக வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, முழுத்தோலாக, ஷூவாக அனுப்ப வேண்டும் என்று அரசாங்க உத்தரவு வந்தது. ரசாயனம் வந்தது, வேகம் வந்தது, வேலை வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஷூ தைக்கப் போனார்கள், சொந்தமாகச் சம்பளம் வாங்கினார்கள். அந்தப் பஸ்ஸைப் பார்த்தும் நான் பொறாமைப்பட்டிருக்கிறேன், எனக்குக் கல்யாணம் ஆனபிறகல்லவா வந்தது. தோலில் இருந்து கழுவிய உப்பும் ரசாயனமும் ஓடையில் இறங்கி, ஓடையிலிருந்து மணலில் இறங்கி, மணலிலிருந்து கிணற்றுக்கு வந்தன.

ஆனால் எங்கள் கிணற்றுக்கு வரவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து வரும் கடிதத்தில் எப்போதும் அனைவரும் நலம்தான். எண்பத்திரண்டில் நானே போய்க் குடித்துப் பார்த்தேனே. சமையற்கட்டு மூலையில் ஒரு குடம், வாயில் வெள்ளைத் துணி கட்டி, மேலே டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அண்ணி அதிலிருந்து மொண்டு கொடுத்தாள். தேன்போல இருந்தது. "நம்ம தண்ணி மாதிரி வருமா! எல்லாரும் சும்மா சொல்றாங்க" என்றேன். அண்ணி அடுப்பைக் கிளறினாள். தம்பி சேகர் எழுந்து வெளியே போனான். ரெனாட்டே ஊருக்குப் புறப்படும்போதுகூட நான் அடித்துச் சொன்னேன், எங்கள் வீட்டுக் கிணறு கெடவில்லை, வேறு வீட்டைப் பார்த்து ஆராய்ச்சி செய் என்று.

இப்போது சுவரில் ஒரு வரைபடம். பாலாற்றங்கரை ஊர்கள் புள்ளிகளாகவும், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் பெண் கொடுத்தார்கள் என்பது அம்புக்குறியாகவும் இருந்தன. பழைய கல்யாணங்களுக்கு எல்லாத் திசையிலும் அம்புகள். புதுக் கல்யாணங்களில் சில ஊர்களை நோக்கி அம்புகளே இல்லை. தண்ணீர் கெட்ட ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்றாள் ரெனாட்டே. மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் பெண் வீட்டார் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார்கள். மிச்சம் வைத்துவிட்டுப் போனால் சம்பந்தம் இல்லை. அதனால் ஒவ்வொரு ஊரும் தன் கிணறு கெட்டதை மறைக்கிறது. கெட்டது என்று மனுக் கொடுத்தால் ஊருக்கே பெயர் போய்விடும், பையன்களுக்குப் பெண் கிடைக்காது. அதனால் ஒரு ஊரும் மனுக் கொடுக்கவில்லை. மனு இல்லாததால் ஆபீசில், அந்தப் பக்கம் பிரச்சினையே இல்லை என்கிறார்கள்.

இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இது அவர் அளவுகோலில் வராத விஷயம்.

அடுத்த படத்தில் சேகர் இருந்தான். என் தம்பி. சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடம் கட்டி, மலையடிவாரத்து மாந்தோப்புக் கிணற்றிலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறான். மூன்று சம்பந்தம் தட்டிப்போனவன். அதுவும் எனக்கு அப்போதுதான் தெரியும். "இந்தத் தண்ணீரை வீட்டுக்காரர்கள் குடிப்பதில்லை" என்றாள் ரெனாட்டே. "இது விருந்தாளிக் குடத்துக்கு. பெண் வீட்டார் வந்தால், டாக்டர் வந்தால், வெளிநாட்டிலிருந்து உறவினர் வந்தால், அவர்களுக்கு."

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்பதே எனக்கு எரிச்சல். எண்பத்திரண்டில் மூன்று வாரமும் சேகர் விடியுமுன்னே காணாமல் போவான். கழனிக்குப் போகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ எந்தத் தண்ணீர் குடித்தாய்?" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கேட்டார்.

"முதல் வாரம் விருந்தாளிக் குடம். அப்புறம் அவர்கள் குடிப்பதையே குடித்தேன். கொஞ்சம் வயிற்றுவலி வந்தது" என்று ரெனாட்டே சிரித்தாள்.

அந்த வயிற்றுவலிமேலும் எனக்குப் பொறாமை வந்தது. இதைப் படித்துவிட்டு என்னைப் பைத்தியம் என்று சொல்லுங்கள், பரவாயில்லை.

4

அண்ணி எதற்கு அப்படிச் சிரித்தாள் என்று தெரியாமல் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கௌரவத்தை விட்டு ரெனாட்டேயைக் காபிக்குக் கூப்பிட்டேன். அவள் என் நாற்காலியில் காலைத் தூக்கி மடித்து உட்கார்ந்துகொண்டு, என் அண்ணியின் தமிழில் கதை சொன்னாள்.

சேகருக்கு நாலாவதாக ஒரு சம்பந்தம் வந்தது. பெண் செல்வி, ஆற்றுக்குக் கீழ்ப்பக்கத்து ஊர், ஷூ கம்பெனியில் தையல் வேலை. அண்ணனும் அண்ணியும் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த வீட்டுத் தண்ணீரை அண்ணி குடித்துவிட்டு அங்கேயே புகழ்ந்து தள்ளினாள். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். செல்வியும் கூட வந்திருந்தாள். வாழப்போகிற வீட்டை நானும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாம். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் யாரையும் பார்க்காதீர்கள் என்று சேகர் முன்தினமே சொல்லியிருந்தான்.

செல்வியின் அம்மா உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டாள். அண்ணி விருந்தாளிக் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். அந்த அம்மாள் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். குடித்துவிட்டு, சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ரெனாட்டேயைப் பார்த்தாள்.

"ஏம்மா, நீ தண்ணியப் பத்திப் படிக்கிற பொண்ணுன்னு சொல்றாங்களே. நீ சொல்லு. இந்தூட்டுத் தண்ணி எப்டி?"

ரெனாட்டே அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தரையைப் பார்த்தாள். வாசலில் சேகர் முதுகைக் காட்டி நின்றிருந்தான்.

"நல்ல தண்ணி. ஆனா இது இந்தூட்டுத் தண்ணி இல்ல" என்றாள் ரெனாட்டே.

அண்ணன் எழுந்துவிட்டார். சேகர் திரும்பவே இல்லை. இந்த இடத்தில் நான் அவளை நிறுத்தினேன்.

"நீ எப்படி அதைச் சொல்லலாம்? என் தம்பி வாழ்க்கை அது."

"தெரியும். பொய் சொல்லிக் கட்டிக் குடுத்தா, அந்தப் பொண்ணு மறுநாள் காலைல குடிப்பாளே. அப்ப யாருக்குப் பேஜாரு?" என்றாள்.

அவள் தொடர்ந்தாள்.

செல்வியின் அம்மா காலி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். "மாந்தோப்புக் கெணறா?" என்று கேட்டாளாம். அண்ணி தலையாட்டியிருக்கிறாள். "அதான், நாக்குக்குத் தெரிஞ்ச ருசியா இருக்குதேன்னு பாத்தேன். போன மாசம் நீங்க பொண்ணு பாக்க வந்தப்போ நாங்க குடுத்ததும் அதே தண்ணிதான். எங்க மச்சான் மாட்டு வண்டியில போய் எடுத்துக்கினு வந்தாரு."

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு சமையற்கட்டுக்குள் வந்த அண்ணி, "ஐயோ, உங்கூட்டுத் தண்ணிய நான் அவ்ளோ புகழ்ந்தேனே" என்று சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்திருக்கிறாள். ரெனாட்டே பக்கத்தில் இருந்த காமிராவை எடுத்திருக்கிறாள். சுவரில் நான் பார்த்தது அந்தச் சிரிப்பு.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் அந்தம்மா சொன்னாங்க, எல போடுங்க, கை நனைக்கிறோம்னு. ஆனா பருப்ப இந்தக் கெணத்துத் தண்ணியிலயே வேக வைங்க, எம் பொண்ணு நாளைக்கி எத சாப்டப் போறாளோ அத நாங்களும் சாப்டுறோம்னு."

கை நனைப்பது என்றால் நமக்குத் தெரியும், சம்மதம் என்று அர்த்தம். வீடு பார்க்க வந்தவர்கள் முடிவாகும்வரை அங்கே சாப்பிட மாட்டார்கள். பருப்பு அடுப்பில் ஏறியது. அந்த உப்புத் தண்ணீரில் எங்கே வேகும்? மத்தியானம் போய் வெயில் சாய்ந்தும் விரலால் நசுக்கினால் கல்லாகவே இருந்ததாம். வந்தவர்கள் எழுந்து போகவும் முடியாது. இரண்டு குடும்பமும் பசியோடு ஒரே கூரையடியில் உட்கார்ந்து, பொழுதைப் போக்கத் தங்கள் தங்கள் கிணற்றின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எந்த வருடம் தென்னை காய்ப்பு நின்றது, எந்த வருடம் துணி வெளுக்காமல் போயிற்று என்று. இரண்டு வீட்டாரும் ஒரே வருடத்தைச் சொன்னார்கள். ரெனாட்டே தன் அம்புக்குறிப் படத்தை விரித்துக் காட்டினாள். நம்ம ஊர் மட்டும்தான் என்று நினைத்தோமே என்றார் அண்ணன்.

செல்விதான் பேச்சை முடித்தாளாம். "கம்பெனிய மூடச் சொல்லாதீங்க, எனக்கு சம்பளம் வேணும். அவங்க தண்ணிய அவங்களே சுத்தம் பண்ணி உடட்டும். ரெண்டு ஊரும் ஒண்ணா மனு குடுங்க. ஒண்ணாக் குடுத்தா எந்த ஊருக்கும் தனியா பேர் கெடாது."

பருப்பு கடைசிவரை வேகவில்லை. அது கொதித்த தண்ணீரையே இறுத்து ரசமாக ஊற்றி எல்லோரும் சாப்பிட்டார்கள்.

ரெனாட்டே போனபிறகு அவள் குடித்த கோப்பையைக் கழுவிக்கொண்டே வெகுநேரம் நின்றேன். மனிதச் சூழலியல் என்ன செய்யும் என்று இப்போது என்னைக் கேட்டால் சொல்வேன். ஒரு வீட்டு ரகசியம் எத்தனை வீட்டு ரகசியம் என்று அது எண்ணிக் காட்டும். அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. அந்த வாசலில் வெங்காயம் உரித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியவள் நான். நான் மட்டும் அங்கே உட்கார்ந்து அந்த உண்மையைச் சொல்லியிருந்தால், தம்பி வாழ்க்கையைக் கெடுத்த பாவி என்று என்னை அந்த வீட்டு வாசப்படி ஏறவிட்டிருக்க மாட்டார்கள். அவள் சொன்னதற்கு ரசம் ஊற்றிச் சோறு போட்டிருக்கிறார்கள்.

5

தை மாதம் சேகருக்கும் செல்விக்கும் கல்யாணம். நான் தனியாகத்தான் போனேன். வீட்டுக்காரருக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்றார். மூட்டையில் முத்திரை குத்திய கையோடு ஊருக்கு வர அவருக்கு மனம் வரவில்லை என்பது என் ஊகம். மீனாவுக்குப் பள்ளிக்கூடம். ஆற்றில் விட்ட குஞ்சுகள் குளிரில் பிழைத்தனவா என்று பார்க்க வேண்டுமாம்.

ஆம்பூரில் இறங்கும்போதே அந்தத் தோல் வாசனை வந்தது. சேகர் சைக்கிளோடு நின்றிருந்தான். பின்னால் குடம் கட்டும் கயிறு தொங்கியது. "எனக்காகத் தண்ணி எடுக்கப் போனியாடா?" என்று கேட்டேன். "இல்லக்கா, கல்யாண வேலை" என்று பொய் சொன்னான். இரண்டு ஊரும் சேர்ந்து மனுக் கொடுத்தாயிற்று என்று வழியில் சொன்னான். ஆபீசிலிருந்து ஒருவர் வந்து சீசாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாராம். குழாய் வரும் என்றாராம். குழாய் வரவில்லை.

வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். சமையற்கட்டில் அண்ணி மட்டும் இருந்தாள். "வாம்மா சரோ, எளச்சிப் போய்ட்டியே" என்று கன்னத்தைத் தொட்டுவிட்டு மூலைக்குப் போனாள். அதே வெள்ளைத் துணி, அதே கவிழ்த்த டம்ளர். மொண்டு நீட்டினாள்.

"இது வேணாம் அண்ணி. அந்தக் குடத்துத் தண்ணி குடுங்க" என்று அடுப்போரம் இருந்த குடத்தைக் காட்டினேன்.

"அது உனக்கு ஒத்துக்காதும்மா."

"ரேணுவுக்கு ஒத்துக்கிச்சா?"

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தாள். ரெனாட்டே என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டாள் என்று அவளுக்குப் புரிந்தது. "அவ எங்ககூடவே கெடந்தா. நீ வந்துட்டுப் போறவ. இருக்கிற நாலு நாள் நல்ல தண்ணி குடிச்சிட்டுப் போவட்டுமேன்னுதான்" என்றாள்.

அதில் அன்புதான் இருந்தது. எனக்குத் தெரியாதா? ஆனால் வந்துட்டுப் போறவ என்ற சொல்லைக் கேட்டுவிட்டு அந்த நல்ல தண்ணீரை எப்படிக் குடிப்பது? நானே போய் அடுப்போரக் குடத்தில் மொண்டு ஒரே மூச்சாகக் குடித்தேன். உப்பும் துவர்ப்பும், கடைசியில் துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்ததுபோல் ஒன்றும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"துப்பிடு சரோ, துப்பிடு."

"முழுங்கிட்டேன்."

அண்ணி என்னையே பார்த்தாள். பிறகு கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பருப்பிலிருந்து ஆரம்பித்தாள். நன்றாக வெந்த பருப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்றாள். உன் அண்ணன் ராத்திரியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கேட்டால் ஒன்றுமில்லை என்பார் என்றாள். அனைவரும் நலம் என்று அவர் உனக்கு எழுதச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும் என்றாள். வெளியே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வர்றேன்" என்றாளே தவிர எழுந்திருக்கவில்லை.

கடைசியில் புடவைத் தலைப்பை விலக்கி, ஜாக்கெட் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். முழங்கைக்கு மேலே தோல் வெடித்து, உரிந்து, சிவந்து கிடந்தது. பாத்திரம் கழுவிக் கழுவி முதலில் விரலில் வந்ததாம், மருந்து போட்டால் அங்கே ஆறிவிட்டு மேலே ஏறிக்கொண்டு போகிறதாம்.

"இத ரேணுகிட்ட காட்னீங்களா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவகிட்டயா? போட்டோ புடிச்சி ஊரெல்லாம் காட்டிடுவாளே" என்று அண்ணி சிரித்தாள். வாயைத் திறந்து, அந்தக் கடைவாய்ப் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தாள். "உங்க அண்ணனுக்கே தெரியாது. உனக்குத்தான் காட்றேன்."

அண்ணியின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அழுகை அதற்கப்புறம்தான் வந்தது.